ஐந்தாம் ஆண்டில் இருந்த மலசலகூடம்

"இது சபையில கதைக்கிற விசயமா?"

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எழுந்த சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மூலையில் தொடங்கி மேசை மேசையாக நகர்ந்து, தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற பணியாளர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

நான் கையில் ஒரு தாளோடு நின்றிருந்தேன். பிரதேச சபைக்கு உறுப்பினராக வந்து நான் கொண்டுவந்த முதல் பிரேரணை அது. வாவிப் பக்கத்து யன்னலால் உப்புக் காற்று வந்து தாளைப் பறிக்கப் பார்த்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு மலசலகூடம் அமைத்தல்." இதுதான் பிரேரணை. வீட்டில் நாங்கள் கக்கூசு என்றுதான் சொல்வோம். சபைக்கு அந்தச் சொல் சரிவராது என்று, சமைக்கும்போதும் தைக்கும்போதும் "மலசலகூடம், மலசலகூடம்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். மரியாதையான சொல்லைச் சொல்லியும் சிரித்தார்கள்.

தவிசாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற அதிபர். வெள்ளை வேட்டி சால்வையில் சுருக்கம் விழாமல் உட்கார்ந்திருப்பார்.

"இதுக்கு ஏன் பிள்ள தனிப் பிரேரணை?" என்றார். "நம்மட மூலோபாயத் திட்டத்தில இது இரிக்கே." மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். "இந்தா. பெண்களுக்கான சுகாதார வசதி. ஐந்தாம் ஆண்டு."

"ஐயா, நம்மட பதவிக்காலம் நாலு வருசம்தானே?" என்று கேட்டேன்.

கெட்டித்தனமாகக் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையாகவே எனக்குக் குழப்பமாக இருந்தது. தவிசாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த விடயமான வீதி விளக்குக்குப் போய்விட்டார்.

கை உயர்த்த ஓர் ஆள்

நான் எப்படிச் சபைக்கு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பெண்களின் அளவு என் தலைக்குள் இருக்கும். யாருக்குத் தோள் இறக்கம், யாருக்கு இந்த வருடம் இடுப்பில் ஓர் அங்குலம் கூடியது, எல்லாம் தெரியும். அரசியல் மட்டும் தெரியாது.

தேர்தல் நெருங்கியபோது கட்சிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம். அவர்களுக்கு ஒரு பெண்ணின் பெயர் குறைந்தது.

"நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல அக்கா. கூட்டத்துக்கு வாங்க, நாங்க கை உயர்த்தினா நீங்களும் உயர்த்துங்க. அவ்வளவுதான்" என்றார்கள்.

என் கணவர் அப்போது வட்டையில் இருந்து வந்து, காலில் சேறு காயாமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய உலகம் அந்த வயல்வெளிதான். அவர்கள் போன பிறகு சொன்னார்:

"போறதெண்டா போ. ஆனா தையல் மெசினை ஆருக்கும் குடுத்திராத."

பெயரைக் கொடுத்தேன். வெல்வேன் என்று யாரும் நினைக்கவில்லை. கட்சிக்குக் கிடைத்த வாக்கின்படி பட்டியலில் இருந்து என் பெயர் தெரிவாகி, அரச வர்த்தமானியிலும் வந்தது. முதல் நாள் சபைக்குப் போகும்போது எனக்கு நானே தைத்த சட்டையின் கைப்பகுதி இறுக்கமாக இருந்தது. பதற்றத்தில் என் அளவையே பிழையாக எடுத்திருக்கிறேன்.

பளபளத்த புத்தகம்

சபையில் எல்லா உறுப்பினர்களுக்கும் அந்தத் திட்டப் புத்தகம் தந்தார்கள். பளபளப்பான அட்டை. வாவியில் சூரியன் எழும்பும் படம், ஒரு தோணி, ஒரு கொக்கு. எங்களுக்கு முந்திய சபையின் கடைசி மாதங்களில் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் செயலமர்வு நடத்தி அதை எழுதினார்களாம். மத்தியானச் சாப்பாட்டில் நண்டுக்கறி இருந்ததைப் பழைய உறுப்பினர் ஒருவர் இன்றும் சொல்லுவார். திட்டத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

நான் அதை வாசித்தேன். பிளவுசுக்குக் கொக்கி வைக்கும் இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து முடித்தேன். சிலர் நினைப்பதுபோல அது ஒன்றும் மோசமான புத்தகம் இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். குப்பை, வடிகால், நூலகம், முதியோர், வாவிக் கரையின் கண்டல் காடு, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "பொறுப்பு" என்று ஒரு நிரல். அதில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: சபை. சபை என்றால் யார்? தவிசாளரா, செயலாளரா, கை உயர்த்தும் நானா? எங்கள் கடையில் ஒரு சட்டையை வெட்டுவது யார், தைப்பது யார், பொத்தான் வைப்பது யார் என்று தெரியாவிட்டால் அது தீபாவளிக்கு வராது.

முதலாம் ஆண்டின் வேலை என்ன தெரியுமா? சந்தைக்குப் பின்னால், வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு காட்சிக் கோபுரம். ஏறி நின்று சூரியன் எழும்புவதைப் பார்க்க.

சந்தை நாள் நோன்பு

எங்கள் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும். விடியுமுன்னே கரடியனாற்றுப் பக்கமிருந்து மரக்கறிகள் வந்து இறங்கும். வாவியில் பிடித்த இறாலும் நண்டும் வரும். காத்தான்குடியிலிருந்து துணிமணி வரும். விற்பவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள்.

காத்தான்குடித் துணிக்காரி ஜெமீலா ராத்தாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். முஸ்லிம் ஊர்களில் அக்காவை ராத்தா என்பார்கள். நூல், லேஸ், பொத்தான் எல்லாம் அவரிடம்தான் வாங்குவேன். வெயில் ஏறும் நேரத்தில் ஒருநாள் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

"நோன்பா ராத்தா?"

"சந்தைக்கு வாற நாளெல்லாம் நோன்புதான் புள்ள" என்று சிரித்தார். "விடியச் சாமத்தில ஒரு முடறு தண்ணி. மறுகா ஊட்ட போயித்துத்தான். குடிச்சா எங்க போற?"

அப்போதுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். முன்பு, சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டில் பெண்களைப் போக விட்டார்கள். சந்தை பெருகப் பெருக அவர்களுக்கும் தாங்க முடியவில்லை. கேற்றைப் பூட்டிவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது வாவிக் கரைப் பற்றை. அங்கே எப்போதும் நாலு பேர் தூண்டிலோடு இருப்பார்கள்.

மீன் விற்கும் கமலாக்கா அந்த மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தார். காய்ச்சல், அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாம். பார்க்கப் போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

"டொக்டர் சொல்றார், நல்லாத் தண்ணி குடிக்கட்டாம்" என்றார். "அவருக்கு என்ன, சொல்லித்துப் போவார். நீதான் இப்ப மெம்பராமே. உங்கட சபையால ஒரு கக்கூசு கட்ட ஏலாதாகா?"

அந்தக் கேள்விதான் என்னைத் தாளோடு எழும்பி நிற்க வைத்தது.

இளநீர்

சிரிப்போடு முடிந்த அந்த அமர்வுக்குப் பிறகு செயலாளரிடம் போனேன். பல வருடச் சேவையுள்ள அதிகாரி. அதிகம் பேசமாட்டார்.

"அஞ்சாம் வருசத்தில இருக்கிறத முதலாம் வருசத்துக்குக் கொண்டு வர ஏலாதா சேர்?"

"ஏலும்" என்றார். "வருசாந்த மீளாய்வில சபை பெரும்பான்மையாத் தீர்மானிச்சா வரிசையை மாத்தலாம். ஆரும் இதுவரைக்கும் கேட்கல்ல."

மீளாய்வுக்கு முன்னால் தவிசாளர் ஒரு கள விஜயம் ஒழுங்கு செய்தார். காட்சிக் கோபுரம் வரும் இடத்தை எல்லா உறுப்பினர்களும் பார்க்க வேண்டும். சனம் கூடும் நாளில் போனால்தான் படம் நன்றாக வரும் என்று ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்தார்.

இனி நான் சொல்லப்போவதை நான்தான் திட்டமிட்டேன் என்று இன்றும் ஊரில் கதை இருக்கிறது. இல்லை. கள விஜயம் பற்றி ஜெமீலா ராத்தாவிடம் சொன்னது நான். மீதியெல்லாம் அவர்.

நாங்கள் போய் இறங்கியதும் பெண்கள் இளநீரோடு வந்தார்கள். வெயில் கொளுத்தியது. எல்லோரும் மடமடவென்று குடித்தார்கள். கோபுரத்துக்கான இடத்தைப் பார்த்துத் திரும்பினால், கமலாக்கா தோடம்பழச் சாற்றோடு நின்றார். ஆஸ்பத்திரியால் வந்து கொஞ்ச நாள்தான், முகம் இன்னும் வெளிறியிருந்தது. அவர் தந்ததை யாரால் மறுக்க முடியும்? அடுத்ததாக ஜெமீலா ராத்தாவின் கடையில் எல்லோருக்கும் தேநீர். அதற்கும் மேலே மரக்கறிக்காரர்கள் மோர் கொண்டுவந்தார்கள்.

"சபைக்காரங்க எங்களத் தேடி வந்திரிக்கீங்க, குடிக்காமப் போனா எங்களுக்கு மனவருத்தம்" என்றார் ராத்தா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எங்கள் சபையில் வேறு கட்சிகளைச் சேர்ந்த பெண் உறுப்பினர்களும் இருந்தார்கள். என் பிரேரணைக்கு அவர்களும் வாய் திறக்கவில்லை. கட்சி சொல்லவில்லை, அவர்கள் என்ன செய்வார்கள். அவர்களில் ஒருவர் என் காதருகில் வந்தார்.

"அக்கா, இஞ்ச எங்க போறது?"

"அதத்தானே தங்கச்சி நான் சபையில கேட்டன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

ஆண்களில் சிலர் மெதுவாக வேலியோரம் நகர்ந்தார்கள். தவிசாளருக்கு அது முடியவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், அடக்கி வைக்க ஏலாது. வெள்ளை வேட்டி வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும், "வணக்கம் ஐயா", "அதிபர் ஐயா, என்னைத் தெரியுதா? உங்கட வகுப்பிலதான் படிச்சன்" என்று ஆட்கள் பின்னாலேயே போனார்கள். பாவம், பற்றை வரைக்கும் போய், அங்கே தூண்டில் போட்டிருந்தவரும் எழும்பி வணக்கம் சொன்னதால் திரும்பி வந்தார்.

கடைசியில் ஜெமீலா ராத்தாவிடமே கேட்டார். "இஞ்ச கிட்டடியில ஏதாவது வசதி..."

"கட்டுவாங்களாம் ஐயா" என்றார் ராத்தா. "அஞ்சாம் வருசம்."

தவிசாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாகனத்தில் ஏறினார். வாகனம் புழுதி கிளப்பிக்கொண்டு காரியாலயப் பக்கம் பறந்தது.

மீளாய்வு அமர்வில், வரிசையை மாற்றும் பிரேரணையைத் தவிசாளரே கொண்டுவந்தார். "நான் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பட்டதை இந்தப் பெண்கள் வாரா வாரம் படுறாங்க எண்டு எனக்கு விளங்கியிருக்கல்ல" என்று சொன்னார். சபையில் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். வழிமொழிந்தது அன்று என் காதருகில் வந்து கேட்ட அந்தத் தங்கச்சி. வேறு கட்சிதான். சிலர் எதிர்த்தார்கள். எதிர்ப்பதற்கென்றே சிலர் இருப்பார்கள். ஆனால் நிறைவேறியது.

றோயின் படம்

தீர்மானம் நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வேலை அதன் பிறகுதான் தொடங்கியது.

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றோய். மட்டக்களப்பு டவுனில் இருக்கும், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, சபையில நீங்க கக்கூசு எண்டே சொல்லியிருக்கலாம்" என்றார். "ஒல்லாந்தர் விட்டித்துப் போன சொல் அது. எங்கட ஆக்கள் விட்டித்துப் போனதில இப்பவும் பாவனையில இருக்கிறது கோட்டையும் அந்தச் சொல்லும்தான்."

சிரிப்பு வந்தாலும் பிரச்சினைகள் பெரிதாக இருந்தன. வாவிக் கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மாரி வெள்ளத்தில் குழி நிரம்பினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் கட்டடத்தை உயர்த்தி, படி வைத்து, குழியையும் நிலத்துக்கு மேலே சீமெந்தால் கட்ட வேண்டும் என்றார் றோய். கேற்றைப் பூட்டிய வீட்டுக்காரர் மணம் வரும் என்று சண்டைக்கு வந்தார். றோய் படத்தை மடித்துத் திரும்ப விரித்து, காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அவரையே கேட்டார். வாசல் திசை மாறியது. வீட்டுக்காரர் சமாதானமானார். நான் படியின் உயரத்தைக் குறைக்கச் சொன்னேன். சேலை, அபாயா, முழங்கால் வருத்தம் எல்லாவற்றோடும் ஏற வேண்டுமே. அளவெடுப்பது எனக்குத் தெரிந்த வேலை.

பிறகு மாரி வந்தது. சந்தைக்குள் முழங்கால் அளவு வெள்ளம். எழும்பிய சுவர்கள் நனைந்துகொண்டு நின்றன. தண்ணீர் குழி மட்டத்துக்குக் கீழேயே நின்றதை றோய் மழைக்கோட்டோடு வந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சிரித்தார்.

பூட்டு

பெரும்போக நெல் வெட்டு முடிந்த காலத்தில் திறப்பு விழா நடந்தது. தவிசாளர் நாடா வெட்டினார். பெயர்க்கல் யன்னலைவிடப் பெரியதாக இருந்தது. வெள்ளிக்கிழமை விழா. ஞாயிற்றுக்கிழமை சந்தை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குள் இருந்தேன். கமலாக்கா வந்து வாசலில் நின்றார். மூச்சு வாங்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"யோகம், வந்து பாருகா உங்கட கக்கூசை."

போனேன். கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கான திறப்புச் சாவி எங்கே? சபைக் காரியாலயத்தில். காரியாலயம் எங்கே? ஞாயிற்றுக்கிழமை அது பூட்டிக் கிடந்தது.

அந்தப் பூட்டின் முன்னால் நின்றபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு பாடுபட்டு, ஹோட்டலில் எழுதிய திட்டத்தை வரிசை மாற்றி, வெள்ளத்தைத் தாண்டிக் கட்டி முடித்தால், சந்தை நடக்கும் ஒரே நாளில் அது பூட்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாருக்கும் யோசனை வரவில்லை. எனக்கும்தான்.

தவிசாளர் வீட்டுக்கே போனேன். அவர் சாரத்தோடு முற்றத்தில் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். தலையில் கை வைத்தார். செயலாளரை அழைத்து, அவர் காவலாளியை அழைத்து, மத்தியானத்துக்கு முன்னால் கதவு திறந்தது.

அந்த வாரமே உட்கார்ந்து பேசினோம். திறப்பு சந்தைப் பெண்களிடமே இருக்கும். சந்தை நாளில் சுத்தம் செய்யச் சபையால் ஒருவர் வருவார். கூட்டத்தில் ஜெமீலா ராத்தாவையும் கமலாக்காவையும் பொறுப்பாளர்களாகத் தெரிவு செய்தார்கள். திட்டப் புத்தகத்தில் "சபை" என்று இருந்த இடத்தை வெட்டிவிட்டு, அந்த இரண்டு பெயர்களையும் என் கையாலேயே எழுதினேன்.

ஒரு தாங்கித் தண்ணீர்

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகப் போனது. வெயில் காலம் வந்தது. மத்தியானத்துக்கு முன்னாலேயே தாங்கியில் தண்ணீர் முடியத் தொடங்கியது.

தண்ணீர் இல்லாத இடத்தில் என்ன நிலைமை என்று விவரிக்கத் தேவையில்லை. பெண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. "அவங்கதான் தண்ணி முடிக்கிறாங்க. கால் கழுவி, முகம் கழுவித் தொழப் போறாங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலாக்கா அதை ஜெமீலா ராத்தாவின் முகத்துக்கு நேரே, சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார்.

ராத்தா இடுப்பில் இருந்த திறப்பை எடுத்துக் கமலாக்காவின் மீன் பலகையில் வைத்தார். துணியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வேறு சில காத்தான்குடிப் பெண்களும் வரவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் பகுதியில் தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகத்துக்கும் இடையில் என்னென்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. என் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து மறுபடி ஒன்றாக வியாபாரம் செய்யும் ஒரு சந்தை, ஒரு தாங்கித் தண்ணீரால் உடைந்துவிடுமோ என்று நினைத்தேன். நான் கேட்டு வாங்கிய மலசலகூடத்தால்.

றோய் வந்து குழாய்களைப் பார்த்தார். வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. மத்தியானம் வரைக்கும் அங்கேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் காட்டினார். அங்கே சுத்தம் செய்வதற்காக வைத்திருந்த குழாயில், மீன் பகுதி ஆட்கள் வரிசையாகப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி, பலகை, கூடை எல்லாம். ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை வாளி போனதோ. கமலாக்காவின் பெட்டியும் வரிசையில் இருந்தது.

கமலாக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பேசாமல் நின்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

காத்தான்குடியில்

மறுநாள் கமலாக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய இறால். "நட, போவம்" என்றார்.

இரண்டு பேரும் பஸ் ஏறினோம். காத்தான்குடி வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைக் கமலாக்கா யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஊருக்குள் அவர் கால் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒழுங்கைக்குள் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம்.

ராத்தா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தண்ணிய முடிச்சது நீங்க இல்ல" என்றார் கமலாக்கா, எந்த முன்னுரையும் இல்லாமல். "நாங்கதான். பின்னுக்குள்ள குழாயில பெட்டி கழுவினது நாங்கதான். நானும்தான்."

"தெரியும்" என்றார் ராத்தா. "நான் அண்டைக்கே கண்டன்."

"கண்டித்து ஏன் ராத்தா சொல்லல்ல?" என்று நான் கேட்டேன்.

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. கமலாக்காவைப் பார்த்துக் கேட்டார்: "நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

கமலாக்கா யோசித்தார். ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"இல்ல" என்றார். "நம்பியிருக்க மாட்டன்."

நம்பியிருப்பேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரை எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்துப்போனது. ராத்தாவுக்கும் பிடித்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது. கமலாக்காவின் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார்.

"இறாலா? கொண்டாங்க, பழுதாப் போகப் போகுது. உள்ளுக்கு வாங்க. சோறு திண்டித்துத்தான் போகணும்."

அன்று ராத்தா ஆக்கிய இறால் கறியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கறிக்குப் பால் முதலில் விடுவதா கடைசியில் விடுவதா என்று இரண்டு பேரும் குசினிக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் குந்தியிருந்து வெங்காயம் உரித்தேன். கண் கலங்கியதற்கு வெங்காயம் மட்டும் காரணம் இல்லை.

அடுத்த சந்தைக்கு ராத்தா வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். றோய் மீன் பகுதிக்குத் தனியாக ஒரு குழாயும் தாங்கியும் போட்டுத் தந்தார். அதற்கும் ஒரு பிரேரணை தேவைப்பட்டது. அந்தப் பிரேரணைக்குச் சபையில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருடம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு கதவின் கொண்டி அடிக்கடி கழன்றுபோகிறது. சில வாரம் சுத்தம் செய்பவர் வருவதில்லை, அன்றைக்குப் பெண்களே வாளியை எடுக்கிறார்கள். காட்சிக் கோபுரம் பின்னுக்குப் போய்விட்டது. அதையும் எப்போதாவது கட்டத்தான் வேண்டும். எங்கள் வாவியில் சூரியன் எழும்புவது உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று.

அண்மையில் புதிய திட்டம் எழுதும் வேலை தொடங்கியது. ஹோட்டல் வேண்டாம் என்று தவிசாளரே சொன்னார். சந்தை கலைந்த பிறகு, சந்தைக் கொட்டகைக்குள்ளேயே கூட்டம். மீன் மணமும் அழுகிய தக்காளி மணமும் போகவில்லை. றோய் பெரிய தாள்களைத் தூணில் ஒட்டினார். உறுப்பினர்கள் ஒரு பக்கம், சந்தைப் பெண்கள் மறுபக்கம்.

அறிமுக உரை என்னுடையது. தொலைநோக்கு, பணிக்கூற்று எல்லாம் இப்போது எனக்கும் வாயில் வரும். சொல்லி முடித்தேன். கமலாக்கா மீன் கழிவு ஓடும் கானைப் பற்றிப் பேசினார். சபையில் எவரும் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு கரடியனாற்றுப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழும்பினாள். பூசணிக்காய் விற்பவள். இத்தனை வருடத்தில் விலை தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. யானை வரும் பாதை என்பதால் விடியுமுன்னே மரக்கறியோடு வீதிக்கு வரப் பயமாக இருக்கிறது, அந்த இடத்தில் விளக்கு இல்லை, முதல் பஸ்ஸும் நிற்பதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

நான் உறுப்பினர் அல்லவா, விளக்கம் கொடுக்க வேண்டும். "தங்கச்சி, பஸ் சபைக்குரிய விசயம் இல்ல. அந்த வீதியும் எங்கட எல்லைக்குள்ள வராது, அதால..." என்று தொடங்கினேன்.

"மெம்பர்" என்றார் ஜெமீலா ராத்தா. என்னை அப்படி அவர் கூப்பிட்டதே இல்லை. "கொஞ்சம் பொறுங்க. அவ இன்னும் சொல்லி முடிக்கல்ல."

கொட்டகை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் வாயை மூடினேன்.

கரடியனாற்றுப் பெண் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.